மாடி பாத்ரூமில் ஷவருக்கு டைல்ஸ்: ஒட்டுவதற்கு முன்னால்தான் பெரிய வேலை

மதுரையில் வீட்டுக்கு மேல் முதல் மாடி எடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார். பாத்ரூமின் ஒரு மூலையில் 4 அடிக்கு 3 அடி இடத்தை ஷவருக்கு ஒதுக்கியிருக்கிறார். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. நேர் கீழே சமையலறை. சங்கன் ஸ்லாப் (பைப் ஓடுவதற்காகத் தரை மட்டத்துக்குக் கீழே பள்ளமாகப் போடும் காங்கிரீட் தளம்) 9 இன்ச் இறக்கிப் போட்டாயிற்று, இன்னும் நிரப்பவில்லை. கொத்தனார் "சிமெண்ட் பால் போட்டே ஒட்டிடலாம் சார், இத்தனை வருஷமா அப்படித்தான் ஒட்டுறேன்" என்கிறார். கடைக்காரர், டைல் ஒட்டுவதற்கென்றே பையில் வரும் பசைப் பொடியான டைல் அதெசிவ் வாங்கச் சொல்கிறார். சுவருக்கும் தரைக்கும் 2 அடிக்கு 4 அடி டைல்ஸ் போட ஆசை. டைல்ஸ் ஒட்டிய பிறகு தண்ணீர் எப்படி இறங்கும், வாட்டர் ப்ரூஃபிங் என்று தனியாக ஒரு செலவு தேவையா என்பது கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. டைல் தண்ணீர் விடாது, உண்மைதான். ஆனால் டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு விடும். அதை அடைக்கும் சாதாரண சிமெண்ட் க்ரௌட் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடிக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் ஓரிரு வருடத்தில் மயிரிழை வெடிப்பு வரும். தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் கிண்ணமான நானி ட்ராப்பைச் சுற்றியும் வரும். ஷவரில் தினமும் நாலு பேர் குளித்தால் அந்த வழிகளில் இறங்கும் தண்ணீர் நேராக சங்கனுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். நிரப்பியிருக்கும் செங்கல் உடைசல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் எதுவும் தெரியாது. ஒருநாள் சமையலறை சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும், பெயிண்ட் உப்பும், அப்புறம் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயர்ந்து விழும். அந்த நிலைக்கு வந்த பிறகு மேலிருந்து க்ரௌட்டைச் சுரண்டி மறுபடி அடைப்பதால் நிரந்தரமாக ஒன்றும் ஆகாது. டைலை உடைத்து, சங்கனைத் தோண்டித்தான் சரிசெய்ய வேண்டும். டைல்ஸ் என்பது மேலே தெரியும் உடை மட்டும்; வீட்டைக் காப்பாற்றுவது அடியில் இருக்கும் பூச்சு. உங்கள் சங்கன் இன்னும் திறந்து கிடக்கிறது என்பது நல்ல காலம். இப்போது செய்தால் பாதி செலவுகூட ஆகாது.

கொத்தனார் "சிமெண்டில் வாட்டர் ப்ரூஃப் லிக்விட் கலந்துவிடுகிறேன்" என்று சொல்லக்கூடும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 200 மில்லி கலக்கும் அந்த லிக்விட் நல்லதுதான், கலக்கட்டும். ஆனால் அது பூச்சின் நுண்துளைகளைக் குறைக்குமே தவிர, வெடிப்பு விழுந்தால் அதன் வழியே போகும் தண்ணீரைத் தடுக்காது. உங்களுக்கு வேண்டியது ஸ்லாப்புக்கு மேல் பிரஷ்ஷால் அடிக்கும் பாலிமர் கோட்டிங். ஒரு டப்பாவில் பால் மாதிரி திரவமும் ஒரு பையில் சிமெண்ட் கலந்த பொடியும் சேர்ந்து வரும். டாக்டர் ஃபிக்ஸிட், ஃபோஸ்ராக், சிகா என்று பல கம்பெனிகளில் இருக்கிறது. எந்த கம்பெனி என்பதைவிட எப்படி அடிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் ஸ்லாப்பை நன்றாகக் கூட்டி, ஒட்டியிருக்கும் சிமெண்ட் கட்டிகளைக் கொத்தி எடுத்து, கழுவ வேண்டும். ஸ்லாப்பும் சுவரும் சேரும் மூலை முழுக்க, கலவையால் ஒன்றரை இன்ச் அளவுக்குச் சரிவாக அடைக்க வேண்டும். இதைக் கோவிங் என்பார்கள். நேர் மூலையில் கோட்டிங் மெலிதாகி அங்கேதான் முதலில் பிளக்கும். கழிவுநீர் பைப் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தைச் சும்மா சிமெண்ட் வைத்து மூடிவிடாமல், காயும்போது சுருங்காத க்ரௌட் கலவை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை அந்தப் பைப் ஓட்டையைச் சுற்றித்தான். பிறகு தரையை லேசாக ஈரமாக்கிவிட்டு முதல் கோட். மூலைகளிலும் பைப்பைச் சுற்றியும் ஃபைபர் மெஷ் துணியைப் பதித்துவிட வேண்டும். முதல் கோட் காய்ந்ததும் இரண்டாவது கோட், முதல் கோட்டுக்குக் குறுக்குவாக்கில். சங்கனின் பக்கச் சுவர்களிலும் ஏறி, முடிவான தரை மட்டத்துக்கு மேல் ஒரு அடியாவது வர வேண்டும்.

காய்ந்த பிறகு தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இதை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி, குறைந்தது மூன்று நாளாவது கோட்டிங் காய வேண்டும். பைப் வாயைத் துணி சுற்றிய கட்டையால் இறுக அடைத்து, 2 இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி அதே பாத்ரூமுக்குள் வைத்து, அதிலும் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்து இரண்டையும் பாருங்கள். மதுரை வெயிலில் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும். பக்கெட்டிலும் சங்கனிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. பக்கெட்டில் நூலளவும் சங்கனில் அரை இன்ச்சும் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. கூடவே கீழே சமையலறை சீலிங்கையும் வெளிச்சுவரையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தேறினால்தான் அடுத்த வேலை.

தேறியதும் கோட்டிங்குக்கு மேல் கலவையில் ஒரு பாதுகாப்புப் பூச்சு. அது இல்லாமல் நிரப்பினால் செங்கல் உடைசலின் கூர்முனை கோட்டிங்கைக் கிழித்துவிடும். பைப் லைன் போட்டு, உடைந்த செங்கலோ, சிண்டர் என்ற நிலக்கரிச் சாம்பல் கட்டியோ போட்டு நிரப்பி, மேலே இரண்டு இன்ச் காங்கிரீட். இந்தக் காங்கிரீட்டிலேயே தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் வந்துவிட வேண்டும். டைல் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஷவர் பகுதிக்கு ஒரு அடிக்குக் கால் இன்ச் வாட்டம் என்பது என் கணக்கு. உங்கள் 4 அடி நீளத்துக்கு ஒரு இன்ச். பாத்ரூமின் மற்ற பகுதிக்கு அதில் பாதி போதும். சோப்பு நுரையும் முடியும் கலந்த தண்ணீர் தேங்காமல் ஓட இந்தச் சாய்வு வேண்டும், அதற்கு மேல் போனால் வயதானவர்களுக்குக் காலில் உறுத்தும். இந்தக் காங்கிரீட்டுக்கு மேல் மறுபடி இரண்டு கோட், மறுபடி ஒரு நாள் தண்ணீர் கட்டுதல். இரண்டாவது முறை எதற்கு என்று கேட்பார்கள். முதல் கோட்டிங் கீழ் வீட்டைக் காக்கிறது. இரண்டாவது, தண்ணீர் சங்கனுக்குள்ளேயே போகாமல் தடுத்து நானி ட்ராப்புக்குத் திருப்புகிறது. இந்தக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிடச் சொல்லுங்கள். வழவழப்பான கோட்டிங்கில் டைலின் கலவை பிடிக்காது, மணல் ஒட்டிய சொரசொரப்பில் பிடிக்கும்.

சுவர்களையும் மறக்கக்கூடாது. ஷவர் இருக்கும் மூன்று சுவரிலும் 7 அடி உயரம் வரை கோட்டிங் அடித்துவிடுங்கள். பின்பக்கம் படுக்கையறை என்றால் இது ரொம்ப அவசியம். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் பீரோவுக்குப் பின்னால் ஓதம் ஏறி, பட்டி உதிர்ந்து, துணியில் பூஞ்சை வாடை வருவது நம் வீடுகளில் சாதாரணமாகப் பார்ப்பது.

சுவரை மூடுவதற்கு முன்னால் பிளம்பர் வேலை முடிந்திருக்க வேண்டும். காடி எடுத்துப் பதித்த பைப்பில் ஹேண்ட் பம்ப் மாட்டி பிரஷர் ஏற்றி, அதன் பிரஷர் மீட்டரில் முள் இறங்குகிறதா என்று ஒரு நாள் வைத்துப் பார்த்தால் நிம்மதி. தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டரைப் பதிக்கும் ஆழம் இன்னொரு தலைவலி. அதன் பிளாஸ்டிக் மூடியில் டைலின் முகம் எங்கே வர வேண்டும் என்று குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகள் இருக்கும். பூச்சு, அதெசிவ், டைல் மூன்றின் கனத்தையும் கூட்டி, டைலின் முகம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வர வேண்டும். ரொம்ப உள்ளே போனால் கைப்பிடி மாட்டாது, வெளியே நின்றால் மூடித்தட்டு சுவரோடு ஒட்டாது. ஷவர் 7 அடியிலும் டைவர்ட்டர் மூன்றரை அடியிலும் வைப்பது வழக்கம். வீட்டில் உயரமானவர்கள் இருந்தால் அவர்களை நிற்க வைத்து அளந்துவிடுங்கள். சோப்பு, ஷாம்பு வைக்க ஒரு மாடம் வேண்டுமென்றால் 9 இன்ச் சுவரில் மட்டும் எடுங்கள். நாலரை இன்ச் சுவரில் எடுத்தால் மறுபக்கம் மிஞ்சுவது வெறும் தோல்தான். மாடத்தின் அடித்தளம் வெளியே பார்த்து லேசாகச் சரிந்திருக்க வேண்டும், உள்ளேயும் கோட்டிங் அடித்திருக்க வேண்டும்.

இனி சிமெண்டா அதெசிவா என்ற கேள்வி. உங்கள் கொத்தனார் பொய் சொல்லவில்லை. அவர் இத்தனை வருடம் ஒட்டியதில் பெரும்பகுதி சின்ன அளவு செராமிக் டைல்ஸாக இருந்திருக்கும். செராமிக் சுவர் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் முன்கூட்டியே தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சிமெண்ட் பால் அதன் நுண்துளைகளுக்குள் போய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்திருக்கும் 2க்கு 4 விட்ரிஃபைட். அது தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. சிமெண்ட் பிடித்துக்கொள்ள அதில் துளையே கிடையாது. எடையும் ஒரு டைலுக்குச் சுமார் 15 கிலோ வரும். தலைக்கு மேல் 7 அடி உயரத்தில் அதை வெறும் சிமெண்டை நம்பி ஒட்டுவது ஆபத்து. அதனால் சுவருக்கு விட்ரிஃபைட் என்று முடிவு செய்தால் அதெசிவ்தான், வேறு பேச்சே இல்லை. சின்ன செராமிக் என்றால் பழைய முறையிலும் நன்றாக நிற்கும், கைத்திறன் உள்ளவர் ஒட்டினால்.

அதெசிவ் பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணும், டைப் எண்ணும் போட்டிருக்கும். டைப் 1 செராமிக்குக்கு. விட்ரிஃபைடுக்கு டைப் 2-க்குக் கீழே இறங்காதீர்கள். இந்த அளவு பெரிய டைலைச் சுவரில் ஏற்ற டைப் 3 வாங்குவது நல்லது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘டி’ எழுத்து இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காத ரகம் என்று பொருள். 20 கிலோ பையில் 40, 50 சதுர அடி ஒட்டலாம், சுவர் நேராக இருந்தால். அதெசிவ் மெலிதாகப் பூசும் பொருள். சுவரின் வளைவு நெளிவை அதைக் கொண்டு சரிக்கட்ட முடியாது. எனவே பூச்சு வேலை நடக்கும்போதே 6 அடி மட்டக்கோலை வைத்துப் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு, சுவரை நேராக்கிக்கொள்ளுங்கள். பூச்சு முகம் சொரசொரப்பாக இருக்கட்டும். ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றட்டும்.

ஒட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் கவனிக்க வேண்டியது ஒன்று. பலர் அதெசிவை டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் கட்டி கட்டியாக வைத்து சுவரில் அழுத்துவார்கள். வேகமாக முடியும், மட்டம் பிடிப்பதும் சுலபம். ஆனால் கட்டிகளுக்கு நடுவில் கூடு விழும். அதில் தண்ணீர் சேரும், துளை போட்டால் டைல் உடையும். சரியான முறை, பல் வைத்த கரணையால் சுவர் முழுக்க ஒரே திசையில் வரிவரியாக இழுப்பது. டைலின் முதுகிலும் மெலிதாக ஒரு கை பூச வேண்டும். அதற்கு முன் முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், அந்தப் பொடி ஒட்டவிடாது. முதல் டைலை ஒட்டிய உடனே மறுபடி பெயர்த்து எடுத்து முதுகைக் காட்டச் சொல்லுங்கள். வரிகளெல்லாம் நசுங்கி முழுக்கப் பரவியிருந்தால் கை சரியாகப் போகிறது. பாதி முதுகு காலியாக இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது கரணையின் பல் சின்னது. நல்ல தொழிலாளி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கலவையைக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும், பையில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக்கூடாது. வெயில் காலத்தில் சுவரில் பூசியது சீக்கிரமே ஆடை கட்டிவிடும். விரலை வைத்தால் ஒட்டவில்லை என்றால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதெசிவுக்கு டைலை ஊற வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் தொட்டியில் போட்டுவிடுவார்கள்.

அளவுக் கணக்கு உங்கள் இடத்துக்கு அழகாக அமைகிறது. டைலை நெட்டுக்குத்தாக வைத்தால் இரண்டு வரிசையில் 8 அடி உயரம் வந்துவிடும். 4 அடிப் பின்சுவருக்கு வரிசைக்கு இரண்டு டைல், 3 அடிப் பக்கச் சுவர் இரண்டுக்கும் ஒன்றரை ஒன்றரை. ஆக வரிசைக்கு ஐந்து, மொத்தம் பத்து. உடைசலுக்கு இரண்டு சேர்த்துப் பன்னிரண்டு. ஆனால் கடையில் 2 அடி என்று சொல்வது 600 மில்லிமீட்டர், உண்மையான 2 அடி 610. இரண்டு டைலையும் 2 மி.மீ. இடைவெளியையும் சேர்த்தால் 1202; உங்கள் 4 அடிச் சுவர் 1219. பக்கத்துக்கு எட்டு, ஒன்பது மி.மீ. குறையும். அதனால் பின்சுவரை முதலில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒட்டும் பக்கச் சுவர் டைலின் கனம் அந்த இடைவெளியை மூடிவிடும். மாற்றிச் செய்தால் மூலையில் விரல் அகலத் துண்டு வைக்க வேண்டியிருக்கும், கண்ணை உறுத்தும். 3 அடிச் சுவரிலும் வெளி ஓரத்துக்கு இதே குறை வரும் என்பதால், ஒட்டும் முன் சுவரில் பென்சிலால் வரைந்து பார்த்துவிடுவது நல்லது.

சின்ன டைலாக நிறைய வரிசை வரும் இடத்தில் அடி வரிசையைக் கடைசியாக ஒட்டுவதுதான் முறை: ரசமட்டம் வைத்துச் சுற்றிலும் ஒரே கோடு அடித்து, அதில் ஒரு கட்டை அடித்து, இரண்டாவது வரிசையிலிருந்து மேலே ஏற வேண்டும். தரை முடிந்த பிறகு அடி வரிசையை அளந்து வெட்டி, தரை டைலின் மேல் உட்கார வைக்க வேண்டும். அப்போது சுவரில் வழியும் தண்ணீர் தரை டைல் மேல் விழும், இடுக்கில் போகாது. இரண்டே வரிசை வரும் உங்கள் சுவரில் அது நடக்காது. அங்கே தரையை முதலில் முடித்து, மேலே அட்டை போட்டுப் பாதுகாத்துவிட்டு, சுவரை அதன் மேலிருந்து ஏற்றுங்கள். வாட்டத்துக்குத் தகுந்தபடி அடி ஓரத்தை மட்டும் சரிவாக வெட்டினால் போதும்.

தரைக்கு 2க்கு 4 வேண்டாம். நாலு பக்கமிருந்தும் ஒரு ஓட்டைக்கு வாட்டம் கொடுக்கும் தரையில் பெரிய டைல் வளையாது. குறுக்கே வெட்டி வெட்டித்தான் போட வேண்டும், அல்லது வாட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். 1க்கு 1 அடி, மேட் ஃபினிஷ், வழுக்காத ரகம் போடுங்கள். கடையிலேயே ஒரு டைலைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய டைல்தான் தரைக்கும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பின்சுவரை ஒட்டி நீள வடிகால் வைத்து, ஒரே பக்கம் வாட்டம் கொடுத்துச் செய்யலாம். திறப்புப் பக்கம் 2 இன்ச் உயரத்தில் ஒரு கிரானைட் பட்டை, அதன் அடியிலும் கோட்டிங் ஓடியிருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்பு பிறகு வைத்தாலும் அதன் மேல் உட்காரும்.

டைல் இடைவெளிக்கு, சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி க்ரௌட் போடுங்கள். விலை பல மடங்கு, ஆனால் தண்ணீர் குடிக்காது, கறுக்காது. கலந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டைல் முகத்தில் படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் பிறகு வராது. எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கட்டும். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலைகளில் மட்டும் க்ரௌட் வேண்டாம், ரப்பர் மாதிரி வளையும் சிலிகான் வையுங்கள். இரண்டு முகங்களும் தனித்தனியாக அசையும் இடம் அது, இறுகிய பொருள் அங்கே நிற்காது.

கூலி பற்றி ஒரு வார்த்தை. டைல்ஸ் ஒட்டுபவர்கள் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். தண்ணீர் கட்டி இரண்டு நாள் காத்திருப்பது அவர்களுக்கு நஷ்டம், அதனால்தான் அவசரப்படுகிறார்கள். வாட்டர் ப்ரூஃபிங்கைத் தனி வேலையாகப் பேசி, இரண்டாவது சோதனை தேறிய பிறகு அதன் மீதிப் பணத்தைக் கொடுங்கள். காய்வதற்கும் சோதனைக்கும் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்கினால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியிருக்காது. க்ரௌட் முடிந்து ஒரு வாரம் ஷவரைத் திறக்காமல் இருந்தால் நல்லது.

கடைசி நாளில் வேலையாட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்பார்கள். சிமெண்ட் கறையெல்லாம் போய்ப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஆசிட், சிமெண்ட் க்ரௌட்டை அரித்துவிடும், அதன் புகையே குழாயின் குரோம் பூச்சைக் கறுக்க வைக்கும். சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் போதும். உங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால், கறுப்பு, அடர் நீலம் மாதிரி பளபள டைலைத் தவிர்த்துவிடுங்கள். தினமும் குளித்த பிறகு வைப்பர் போட்டுத் துடைத்தால்தான் அதில் வெள்ளைத் திட்டு தெரியாது. மிச்சமாகும் டைல்களை, பெட்டியில் அச்சடித்திருக்கும் ஷேட் எண்ணோடு பரணில் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதே மாடலைக் கேட்டாலும் அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.